ஓடை வாசிக்கும் டிரம்ஸ்! - செலியமேட்டுக்கு ஒரு சண்டே ட்ரிப்

பாண்டிச்சேரின்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? கடற்கரைச் சாலை, காந்தி சிலை, மஞ்சள் சுவர் வீடுகள், நாலு போட்டோ... அத்தோட மூட்டை கட்டிடுவீங்க. கரெக்ட்தானே? இந்த வாரம் கொஞ்சம் ரூட்டை மாத்துங்க. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் கடலூர் பக்கம் போகிற பஸ்ஸைப் பாருங்க. போர்டில் 'பாகூர்' இருந்தா இன்னும் நல்லது. ஏறி ஜன்னலோரம் இடம் பிடிச்சு உட்காருங்க.

இந்த ட்ரிப் எல்லோருக்கும்தான். ஆனாலும் சிலருக்கு ஸ்பெஷல். ஸ்கூல் பேண்டில் சைடு டிரம் மாட்டிக்கிட்டு ஆகஸ்ட் 15 வெயிலில் வியர்த்து வழிய நின்றவர்கள், காலேஜ் கல்ச்சுரல்ஸில் கீபோர்டைத் தூக்கிக்கிட்டு அலைகிறவர்கள், 'நாம வாசிக்கிறதை வெச்சு நாலு பேருக்கு ஏதாவது நல்லது பண்ணலாமே மச்சி'ன்னு ஒரு தடவையாவது கேன்டீனில் பேசியவர்கள்... கை தூக்குங்க. உங்களுக்காகத்தான் இந்த ரூட்!

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்னு பஸ் ஓடும். கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில் பக்கமிருந்து உள்ளே திரும்பினால் ஹைவே சத்தம் மெல்ல அடங்கி, வயல் ஆரம்பிச்சிடும். எது தமிழ்நாடு, எது புதுச்சேரின்னு இங்கே கண்டுபிடிக்கிறது பெரிய புதிர். பாதி ரோடு அவங்க, மீதி ரோடு இவங்க என்கிற மாதிரி எல்லைகள் பின்னிக் கிடக்கும். ஒயின் ஷாப் போர்டு வரிசையா வந்தா புதுச்சேரிக்குள்ள இருக்கீங்கன்னு உள்ளூர்க்காரங்க கிண்டலா சொல்வாங்க!

பாகூர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம். இங்கே 'தாலுகா, ஊராட்சி ஒன்றியம்'னு கேட்பதைவிட 'கொம்யூன்'னு கேட்டால் சட்டுன்னு புரியும். பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன வார்த்தை. இன்னும் ஆபீஸ் போர்டில் உட்கார்ந்திருக்கு. அந்தப் பாகூர் கொம்யூனில் ஒரு சின்ன ஊர்தான் செலியமேடு. சேலியமேடுன்னும் எழுதுவாங்க, குழம்பிடாதீங்க.

ஊருக்குள்ள என்ன இருக்கு? சத்தியமா சொல்றேன், டூரிஸ்ட் கைடு புக்கில் போடற மாதிரி ஒண்ணும் இல்லை. வயல், வாய்க்கால், ஒரு டீக்கடை, ஒரு அரசுப் பள்ளி. அந்தப் பள்ளியின் பெயரை மட்டும் நின்னு படிங்க. கவிஞரேறு வாணிதாசன் பெயர் அது!

எட்டாங்கிளாஸ் ஃபிரெண்டு!

'வாணிதாசனா... எங்கேயோ கேட்ட பேரா இருக்கே'ன்னு தலையைச் சொறியறீங்களா? தமிழ்நாட்டுப் புதிய பாடநூலில் எட்டாம் வகுப்பு தமிழ் படிச்சிருந்தா, 'ஓடை'ன்னு ஒரு பாட்டு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அதை எழுதியவர்தான். 'தொடுவானம்' தொகுப்பிலிருந்து எடுத்த பாட்டு.

1915ல் வில்லியனூரில் பிறந்தவர். இயற்பெயர் எத்திராசலு என்கிற அரங்கசாமி. பாரதிதாசனிடம் படித்தவர். படித்து முடித்துவிட்டு அவரும் வாத்தியார் வேலைக்கே போனார். வாழ்ந்த ஊர் இந்தச் செலியமேடு. பிரெஞ்சு அரசு அவருக்கு செவாலியே விருது கொடுத்தது. 'தமிழகத்தின் வேர்ட்ஸ்வொர்த்'னு பட்டம் வேற. 1974ல் மறைந்தார்.

இப்போ அந்தப் பாட்டை ஒரு மியூசிஷியனா திரும்பப் படிச்சுப் பாருங்க. எக்ஸாமுக்காகப் படிச்சப்போ கவனிச்சிருக்க மாட்டீங்க. அதில் ஓடை ஒரு டிரம்மர்! நெல் குத்துகிற பெண்கள் வள்ளைப் பாட்டுப் பாட, அந்தப் பாட்டுக்கு முழவு அடித்து ஈடுகொடுக்கிறது ஓடை. சரி, வாசிச்சு முடிச்சதும் கைதட்டு வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுதா? அதுதான் இல்லை. போற வழியெல்லாம் வயலுக்குச் சோறூட்டி, ஜனங்களோட வறுமையை விரட்டிட்டு, இன்னமும் ஓடிக்கிட்டே இருக்கு.

யோசிச்சுப் பாருங்க பாஸ். கச்சேரியும் பண்ணி, கஷ்டப்படறவங்களுக்கு உதவியும் பண்ணின ஒரு ஓடை! 'சாரிட்டி ஷோ'ங்கிற வார்த்தை நம்ம காலேஜ் போஸ்டரில் ஒட்டப்படறதுக்கு முன்னாடியே, இந்த வயல்காட்டில் ஒரு வாத்தியார் அதை எழுதி வெச்சிட்டார்.

ரெண்டு பொண்ணுங்க, ஒரு ஏரி!

அங்கேயிருந்து பாகூர் ஏரிக்கரைக்கு வாங்க. புதுச்சேரி வட்டாரத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். மழைக்காலம் முடிஞ்ச கையோட போனா தண்ணியும் பறவையுமா கண்ணு நிறையும். கரையில் உட்கார்ந்து ஒரு கதை கேளுங்க.

இந்த ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து தண்ணி வருது. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிஞ்சு வருகிற கால்வாய்க்குப் பங்காரு வாய்க்கால்னு பேரு. பேர்க்காரணம் கேட்டா பெரியவங்க சொல்ற கதை இது: சிங்காரி, பங்காரின்னு ரெண்டு அக்கா தங்கச்சி. கோயிலில் ஆடிப் பாடும் தாசி குலத்துப் பெண்கள். ஆடிப் பாடிச் சேர்த்த சொத்தையெல்லாம் வாய்க்கால் வெட்டக் கொடுத்துட்டாங்களாம். ஊர் வாய் சொல்ற கதைதான். ஆனா எந்த ராஜா பேரையும் வைக்காம ஒரு ஆட்டக்காரியோட பேரை வாய்க்காலுக்கு வெச்சுக்கிட்டு, தலைமுறை தலைமுறையா அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்க பாருங்க, அதில்தான் விஷயம் இருக்கு.

இதே மாதிரி இன்னொரு கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதுச்சேரி பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேர்னு நிக்குதே, ஆயி மண்டபம்... அது முன்னாடி எத்தனை குரூப் போட்டோ எடுத்திருப்பீங்க? அந்த ஆயியும் ஒரு தாசிதான். கிருஷ்ணதேவராயர் அந்த வழியா வந்தப்போ அவளோட மாளிகையைக் கோயில்னு நினைச்சுக் கும்பிட்டுட்டாராம். விஷயம் தெரிஞ்சதும் கோபத்தில் இடிக்கச் சொன்னார். 'நானே இடிச்சுக்கறேன்'னு கேட்டு வாங்கி, வீட்டை இடிச்சு அந்த இடத்தில் குளம் வெட்டினாளாம் ஆயி. பிற்காலத்தில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணி கொண்டுவந்தாங்க பிரெஞ்சுக்காரங்க. அந்த நினைவாகத்தான் இந்த மண்டபம்.

ஆக, இந்த ஊர்ப்பக்கம் ஆட்டமும் பாட்டும் கடைசியில் தண்ணியா மாறி வந்திருக்கு. தண்ணின்னா இங்கே சோறு. வேற விளக்கம் வேணுமா?

ஆயிரம் வருஷத்து கேம்பஸ்!

பாகூருக்கு வந்துட்டு மூலநாதர் கோயிலைப் பார்க்காம போகக்கூடாது. சோழர் காலத்துக் கல் கட்டடம், சுவரெல்லாம் கல்வெட்டு. ஆனா காலேஜ் பசங்களுக்கு இதைவிட சுவாரஸ்யமான சங்கதி ஒண்ணு இருக்கு.

1879ல் பாகூரில் செப்பேடுகள் கிடைச்சது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. அதாவது 9ம் நூற்றாண்டு. அதில் என்ன எழுதியிருக்கு தெரியுமா? பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரிக்கு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரின்னு மூணு ஊர்களைத் தானமா எழுதி வெச்சிருக்காங்க. படிக்கிறவங்களுக்கும் படிப்புச் சொல்லிக் கொடுக்கிறவங்களுக்கும் அந்த ஊர் வருமானம் போய்ச் சேரணும். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின ஸ்காலர்ஷிப் மக்களே!

இதில் ஒரு பாயின்டை நோட் பண்ணிக்கோங்க. 'கல்விக்கு நிறைய உதவி பண்ணினோம்'னு பொத்தாம் பொதுவா எழுதி வைக்கலை. எந்த ஊர், யாருக்கு, எதுக்குன்னு செம்பில் வெட்டி வெச்சாங்க. அதனால்தான் இன்னிக்கும் நாம படிச்சுத் தெரிஞ்சுக்கறோம். இந்தச் செப்பேட்டை மனசில் வெச்சுக்கிட்டே இருங்க. கொஞ்ச நேரத்தில் உங்க பேண்டுக்குத் தேவைப்படும்.

சரி, பேண்டு மேட்டருக்கு வருவோம்!

ஸ்கூல் பேண்டுன்னா புதுச்சேரியில் டைரி ஃபுல்லு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 எல்லா ஊருக்கும் உண்டு. இங்கே எக்ஸ்ட்ராவா ரெண்டு நாள். 1954 அக்டோபர் 18ல் வில்லியனூர் பக்கம் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டாங்க. இந்தியாவோடு சேர 170 பேர், வேண்டாம்னு 8 பேர். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. அது விடுதலை நாள். சட்டப்படி முழுசா கைமாறியது 1962 ஆகஸ்ட் 16ல். பாரீஸ் வரைக்கும் போய் முடியவேண்டிய விவகாரத்தை ஒரு வயல்காட்டு ஊரில் முடிச்சுக் காட்டினாங்க. 'சின்ன ஊர், நம்மளால என்ன பண்ண முடியும்'னு இங்கே யாரும் சொல்லிட முடியாது!

சரி, அந்தப் பேண்டை வெச்சு உதவி பண்ண வேண்டிய அவசியம் இங்கே இருக்கா? இருக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமி, நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம்னு இந்தக் கொம்யூனின் கடலோரக் குப்பங்களை அடிச்சது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல். 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தப்போ, ஒரே நாளில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அது ஓய்றதுக்குள்ள சாத்தனூர் அணையில் திறந்த தண்ணி தென்பெண்ணையில் பொங்கி, பாகூர் பக்கத்து ஊருக்குள்ளேயும் வயலுக்குள்ளேயும் புகுந்தது. எந்தத் தண்ணி சோறு போட்டுச்சோ, அதே தண்ணி அன்னிக்கு வீட்டு வாசப்படி ஏறி வந்தது. நோட்டு, புஸ்தகம், யூனிஃபார்ம் எல்லாம் ஊறிப் போனா, ஒரு ஸ்கூல் பையனுக்கு அடுத்த வாரம் கிளாஸுக்குப் போறதே கேள்விக்குறிதான். அவனுக்கு ஒரு கச்சேரிப் பணம் சின்ன விஷயம் இல்லை.

முன்னாடி வாசிச்சவங்க!

இந்த வேலையை உங்களுக்கு முன்னாடியே பெரிய ஆளுங்க பண்ணிப் பார்த்திருக்காங்க. 1944ல் கஸ்தூரிபா காந்தி இறந்த பிறகு அவர் பெயரில் ஒரு நினைவு நிதி தொடங்கினாங்க. அதுக்காக எம்.எஸ்.சுப்புலட்சுமி கச்சேரிகள் பாடிக் கொடுத்தார். அதுக்கப்புறம் பல பத்து வருஷம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில்னு பாடிக்கிட்டே இருந்தார். 1974ல் அவருக்கு மகசேசே விருது கிடைச்சப்போ, அது பொது சேவைக்கான பிரிவில் கிடைச்சது. பாட்டுக்காரிக்குச் சேவை விருது! சும்மா வருமா?

அடுத்து 1971. வங்காளதேசத்து அகதிகளோட நிலைமையைப் பார்த்துத் துடிச்சுப் போன சிதார் மேதை ரவிசங்கர், தன்கிட்ட சிதார் கத்துக்கிட்ட பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். குரு கேட்டார், சிஷ்யன் களத்தில் இறங்கினான். ஆகஸ்ட் 1ம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் ரெண்டு ஷோ. சுமார் 40,000 பேர் வந்தாங்க. வசூலான 2,43,418 டாலர் யுனிசெஃப்புக்குப் போச்சு.

சூப்பர்ல? ஆனா கதை அங்கே முடியலை. கச்சேரியோட ரெக்கார்டும் படமும் இன்னும் பெரிய தொகையைக் கொண்டுவந்தது. அந்தப் பணம் அமெரிக்க வரித்துறை சிக்கலில் மாட்டி வருஷக்கணக்கில் முடங்கிப் போச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். அறக்கட்டளைக்கான வரிவிலக்குப் பேப்பரை முன்கூட்டியே சரியா போட்டு வைக்கலை. அகதி முகாமில் குழந்தை பசியோட இருக்கு, பணம் ஃபைலில் தூங்குது. பீட்டில்ஸுக்கே இந்தக் கதின்னா, நம்ம செகண்ட் இயர் பி.காம். பேண்டு எந்த மூலைக்கு?

அதனால, மேடை ஏறும் முன்...

செப்பேட்டை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, இப்போ எடுங்க.

யாருக்கு, எதுக்கு, எவ்வளவுன்னு முதல்லயே எழுதுங்க. 'ஏழைகளுக்கு உதவி'ன்னு போஸ்டர் அடிச்சா யாருக்கும் ஒண்ணும் புரியாது. 'இந்தப் பள்ளியில் வெள்ளத்தில் புத்தகம் இழந்த மாணவர்களுக்கு நோட்டு, பை'ன்னு சொல்லுங்க. அந்தப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டுட்டுத் தொகையை முடிவு பண்ணுங்க. அவங்களுக்கு வேண்டியது ஷூவா இருக்கும். நீங்க ஸ்கூல் பேக் வாங்கி அடுக்கினா என்ன பிரயோஜனம்?

பணத்தை உங்க பாக்கெட்டில் வாங்காதீங்க. பதிவு செய்த அறக்கட்டளை அல்லது உங்க கல்லூரியின் என்.எஸ்.எஸ். வழியா வாங்குங்க, ரசீதோட. 80ஜி சான்று இருக்கிற அமைப்புன்னா, கொடுக்கிறவங்களுக்கும் வருமான வரியில் சலுகை கேட்க வழி உண்டு. ஆனா 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமா கொடுத்தா அந்தச் சலுகை கிடையாது. பெரிய தொகைன்னா செக், ஆன்லைன்தான்.

சினிமா பாட்டு வாசிக்கப் போறீங்களா? ஸ்கூல், காலேஜுக்குள்ள மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் முன்னாடி மாணவர்களே வாசிச்சா காப்பிரைட் சட்டம் விட்டுக்கொடுக்குது. வெளியாளுக்கு டிக்கெட் வித்தீங்கன்னா, சாரிட்டியா இருந்தாலும் லைசென்ஸ் கேட்பாங்க. வம்பே வேண்டாம்னு நினைச்சா பாரதி இருக்கார். பத்து வருஷம் இதே புதுச்சேரியில் வாழ்ந்து பாடின மனுஷன். அவர் எழுத்து எல்லோருக்கும் பொதுச்சொத்து. டியூன் மட்டும் நீங்களே போட்டுக்கோங்க. யார் கண்டது, அதுவே ஹிட் ஆனாலும் ஆகும்!

திறந்தவெளியில் ஸ்பீக்கர் கட்டினா போலீஸ் அனுமதி வாங்கிடுங்க. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுங்கிறது 2000ம் வருஷத்திலிருந்து விதி.

கடைசியா ஒண்ணு. இதுதான் ரொம்ப முக்கியம். கச்சேரிக்கு ஊர் நாகஸ்வரக்காரரையோ, பறை, பம்பை அடிக்கிற அண்ணன்களையோ கூப்பிடுவீங்க. 'சாரிட்டிதானே அண்ணே, ஃப்ரீயா வந்து அடிங்க'ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. ஜெனரேட்டர்காரருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு, மேடையில் வாசிக்கிறவருக்கு மட்டும் பொன்னாடையா? உங்களுக்கு வீட்டில் சாப்பாடு ரெடியா இருக்கு, அதனால் நீங்க சும்மா வாசிக்கலாம். அவருக்கு அந்த ஒரு நாள் கூலிதான் அன்னிக்கு உலை. அதையும் செலவுக் கணக்கில் முதல் வரியா எழுதுங்க. பட்டினி போட்டு தர்மம் பண்ணக்கூடாது பாஸ்!

கணக்கு போர்டு!

கச்சேரி முடிஞ்ச மறுநாள் எல்லோரும் போட்டோ பார்த்துக்கிட்டு இருப்பாங்க. டிரம்மர் அடிச்ச ரோல் எப்படி, பாடினவ எந்த இடத்தில் சுருதி விட்டான்னு பஞ்சாயத்து ஓடும். ஓடட்டும். ஆனா ஒரு வாரத்துக்குள்ள நோட்டீஸ் போர்டில் ஒரு பேப்பர் ஒட்டுங்க. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு, வாங்கிக்கிட்டவங்க கையெழுத்து இதோ. மீதி 12 ரூபாய்னாலும் எழுதுங்க. அடுத்த வருஷம் உங்க ஜூனியர் உண்டியலைத் தூக்கிக்கிட்டுப் போகும்போது, அந்தப் பேப்பர்தான் அவனுக்காகப் பேசும். 'போன வருஷம் என்ன ஆச்சு?'ன்னு ஒருத்தர் கேட்டு, பதில் இல்லாம அவன் முழிச்சா, அந்த உண்டியல் அத்தோட அவுட். இழக்கப்போறது நீங்க இல்லை, நோட்டுப் புஸ்தகத்துக்குக் காத்திருக்கிற அந்தப் பையன்.

சாயங்காலம் பாகூரிலிருந்து திரும்பி வர்ற பஸ்ஸில் கூட்டம் இருக்கும். பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வரணும். பரவாயில்லை, வர்ற வழியில் பக்கத்தில் தொங்குற ஃபிரெண்டுகிட்ட மூணே மூணு கேள்வி கேட்டு முடிவு பண்ணுங்க. யாருக்கு வாசிக்கப் போறோம்? கணக்கு யார் எழுதறது? பிராக்டிஸ் எப்போ?

மூணுக்கும் பதில் கிடைச்சிட்டா தவளக்குப்பம் தாண்டறதுக்குள்ள உங்க பேண்டுக்கு ஒரு புரோகிராம் ரெடி. பேரு கிடைக்கலைன்னா கவலைப்படாதீங்க. செலியமேட்டு வாத்தியார் எப்பவோ ஒரு நல்ல பேரை எழுதி வெச்சிட்டுப் போயிருக்கார்... 'ஓடை'ன்னு வெச்சுக்கோங்க!